முகம் படிக்கும் ஊரில் முகம் படிக்க முடியாதவர்கள்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் நேருக்கு நேர் “இல்லை” என்று சொல்வதைக் கேட்பது அரிது. சம்பந்தம் சரிவராது என்றால் தரகரிடம் வாய் “யோசித்துச் சொல்கிறோம்” என்றுதான் சொல்லும். மறுப்பைச் சொல்வது அப்போது முற்றத்துப் பக்கம் திரும்பிக்கொண்ட முகம். மத்தியான நேரம் வாசலுக்கு வந்தவரை “இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்” என்று கேட்காத வீடு இல்லை. அது உண்மையான அழைப்பா, உபசார வார்த்தையா என்பதை வீட்டுக்கார அம்மாவின் கண்ணையும் உதட்டையும் பார்த்து வந்தவர்தான் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலானோர் ஒரு நொடியில் தீர்மானித்து, “இப்போதுதான் சாப்பிட்டேன்” என்று சொல்லிப் படலையை நோக்கி நடந்துவிடுவார்கள். ஒரு சிலர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். சோறு போதுமா என்று குசினிக்குள் பானையைத் திறந்து மூடும் சத்தம் அவர்களுக்கும் கேட்கும். அது ஏன் என்பதுதான் பிடிபடாது.

அந்த ஒரு சிலருக்கு ஊர் வைத்திருக்கும் பெயர்கள் பல. மரியாதை தெரியாதவன், திமிர் பிடித்தவள், கல்நெஞ்சுக்காரன், கொஞ்சம் விசர். பேசும்போது கண்ணைப் பார்க்காவிட்டால் கள்ளன் என்ற பெயரும் வந்து சேரும். எதிரில் நிற்பவரின் முகக்குறிப்பைப் பிடிப்பதும், அவரது கண்ணைப் பார்த்துப் பேசுவதும் சிலருக்கு உண்மையிலேயே கடினமான வேலைகள். அதற்கு மூளையிலும் உடலிலும் வளர்ந்த சூழலிலும் காரணங்கள் உண்டு. இது இங்கே இன்னும் பரவலாகப் பேசப்படவில்லை. இவை இரண்டும் வேறு வேறு சிரமங்கள் என்பது அதைவிடக் குறைவாகவே பேசப்படுகிறது. கண்ணைப் பார்க்காமலே முகத்தை நன்றாகப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். கண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தும் அதில் இருப்பது சலிப்பா சோகமா என்று தெரியாதவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் வீட்டிலும் வகுப்பிலும் நடக்கும் தவறுகளில் பாதி தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

இந்த விஷயத்தில் நமது மரபு அவ்வளவு இரக்கமுள்ளது அல்ல. வள்ளுவர் குறிப்பறிதலுக்கு இரண்டு அதிகாரங்கள் ஒதுக்கினார். பொருட்பாலில் ஒன்று, காமத்துப்பாலில் ஒன்று. குறிப்பைக் கண்டு உள்ளத்தை உணராவிட்டால் உறுப்புகளுள் கண் எதற்கு என்று 705ஆவது குறள் கேட்கிறது. அந்த அதிகாரம் அமைச்சியலில் வருகிறது. அரசனின் அருகில் நிற்கும் அமைச்சருக்குச் சொன்னது. அதை நாம் தரம் 2இல் படிக்கும் பிள்ளைக்கும் அளவுகோலாக்கிவிட்டோம்.

முகத்தில் தெரியும் உணர்வுகள் எத்தனை என்பதிலேயே கருத்து வேறுபாடு உண்டு. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு என்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. அமெரிக்க உளவியலாளர் போல் எக்மன் 1960களின் இறுதியில் பப்புவா நியூகினியின் மலைவாழ் மக்களிடம் புகைப்படங்களைக் காட்டி ஆய்வு செய்து, மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம், அருவருப்பு, வியப்பு ஆகிய ஆறும் உலகம் முழுவதும் ஒரேவிதமாக முகத்தில் தெரியும் என்று வாதிட்டார். அது நீண்ட காலம் பாடப்புத்தக உண்மையாக இருந்தது. லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் சக ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட பெரிய மீளாய்வு அதைக் கடுமையாகக் கேள்விக்குட்படுத்தியது. கோபம் வந்தவர்கள் எல்லோரும் புருவத்தை நெரிப்பதில்லை. புருவத்தை நெரிப்பவர்கள் எல்லோரும் கோபத்தில் இருப்பதும் இல்லை. சூழலைத் தெரியாமல் முகத்தை மட்டும் வைத்து உணர்வை உறுதியாகச் சொல்ல முடியாது என்பதே அவர்களின் முடிவு. நன்றாக முகம் படிப்பவர் என்று பெயர் எடுத்தவர்களும் உண்மையில் முகத்தோடு சேர்த்து வீட்டு நிலவரம், குரல், நேற்று நடந்த சண்டை எல்லாவற்றையும்தான் படிக்கிறார்கள்.

மூளை பிரித்துச் செய்யும் வேலை

ஒரு முகத்தைப் பார்த்தவுடன் மூளையில் ஒரே சமயத்தில் பல வேலைகள் நடக்கின்றன. இது யாருடைய முகம் என்று கண்டுபிடிப்பதில் மூளையின் அடிப்பக்கத்துப் பகுதி ஒன்று முக்கியமாக ஈடுபடுகிறது. கண் எந்தப் பக்கம் திரும்புகிறது, உதடு எப்படி அசைகிறது என்று கணத்துக்குக் கணம் மாறுவதைக் கவனிப்பதில் காதுக்கு மேலே உள்ள வேறொரு பகுதி ஈடுபடுகிறது. அதனால் ஒன்று கெட்டு மற்றது நன்றாக இருக்கலாம். உணர்வுகளைச் சரியாகச் சொல்லியும் சொந்தச் சித்தியையே சந்தையில் அடையாளம் தெரியாமல் கடந்து போகிறவர்கள் உண்டு. இந்த முகமறதியைப் பற்றி நிறைய எழுதிய நரம்பியல் வைத்தியர் ஒலிவர் சாக்ஸுக்கே அது இருந்தது. யாழ்ப்பாணத்தில் அவர் பிறந்திருந்தால் “கண்டும் காணாததுபோல் போகிறார், பெரிய டொக்டர் என்ற பெருமை” என்று சொல்லியிருப்பார்கள்.

கண்ணைப் பார்ப்பதற்கும் முகத்தைப் படிப்பதற்கும் உள்ள தொடர்பைக் காட்டிய மிகப் புகழ்பெற்ற ஆய்வு ஒரு அமெரிக்கப் பெண்ணைப் பற்றியது. எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டுமே குறிப்பிடப்படும் அவருக்கு அரிதான மரபணு நோய் ஒன்றால் மூளையின் இரு பக்கமும் அமிக்டலா என்ற சிறு பகுதி அழிந்துவிட்டது. மற்ற உணர்வுகளை ஓரளவு கண்டுகொண்ட அவருக்குப் பயந்த முகத்தை மட்டும் இனங்காண முடியவில்லை என்று 1994இல் தெரிவிக்கப்பட்டது. காரணம் புரியப் பதினொரு ஆண்டுகள் பிடித்தன. அவருடைய பார்வை படத்தில் எங்கே செல்கிறது என்று கருவி வைத்து 2005இல் அளந்தபோது, அவர் கண்களைப் பார்ப்பதே இல்லை என்பது தெரிந்தது. பயம் பெரும்பாலும் அகல விரிந்த கண்ணில்தான் இருக்கிறது. “கண்ணைப் பாருங்கள்” என்று சொன்னவுடன் பயத்தை அவர் மற்றவர்களைப் போலவே சரியாகச் சொன்னார். சொல்வதை நிறுத்தியவுடன் பார்வை மறுபடியும் வேறிடத்துக்குப் போய்விட்டது.

இதைப் படிக்கும் எவருக்கும் உடனே தோன்றுவது ஒன்றுதான்: அப்படியானால் பிள்ளையிடம் “கண்ணைப் பார்” என்று சொல்லிக்கொண்டே இருந்தால் போதுமே! நமது ஆசிரியர்களும் அம்மம்மாக்களும் ஆய்வு எதையும் படிக்காமலே இதைத்தான் காலங்காலமாகச் செய்து வருகிறார்கள். நாடியைப் பிடித்து முகத்தைத் திருப்பி “இங்கே பார், என்னைப் பார்” என்கிறார்கள். எஸ்.எம்முக்குப் பொருந்தியது எல்லோருக்கும் பொருந்தாது என்பதற்குச் சான்று, பிறரோடு பழகுவதும் தொடர்புகொள்வதும் சிறு வயதிலிருந்தே வேறுவிதமாக இருக்கும் ஓட்டிசம் என்ற வளர்ச்சி நிலை பற்றிய ஆய்வுகளில் இருக்கிறது.

ஓட்டிசமும் கண்களும்

மனநல வைத்தியர் லியோ கனர் 1943இல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஓட்டிசத்தைப் பரவலாக அறியச் செய்தது. மனிதர்களின் முகத்தை அந்தப் பிள்ளைகள் கவனிக்காததை அப்போதே அவர் குறித்துவைத்தார். அமெரிக்க மனநல வைத்தியர்கள் 2013இல் வெளியிட்ட நோய்நிர்ணயக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பிலும் கண் தொடர்பும் உடல்மொழியும் வேறுபட்டிருப்பது ஓட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகவே இருக்கிறது. ஆனால் அது தனியாக நின்று எதையும் தீர்மானிப்பதில்லை. ஒரே விஷயத்தில் மூழ்கிப்போதல், மாற்றத்தைத் தாங்க முடியாமை, சத்தம், வெளிச்சம், துணியின் உரசல் போன்றவற்றுக்கு அதிகமாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுதல் போன்றவற்றோடு சேர்த்துத்தான் பார்க்கப்படும்.

அமி கிளினும் வொரன் ஜோன்ஸும் 2013இல் வெளியிட்ட ஆய்வு என்னை மிகவும் யோசிக்க வைத்த ஒன்று. பிறந்தது முதல் குழந்தைகளைத் தொடர்ந்து, தாயைப் போன்ற ஒரு பெண்ணின் முகத்தைத் திரையில் பார்க்கும்போது அவர்களின் பார்வை எங்கே செல்கிறது என்று அளந்தார்கள். பின்னர் ஓட்டிசம் என்று உறுதிசெய்யப்பட்ட குழந்தைகளும் இரண்டாம் மாதத்தில் கண்களை மற்றக் குழந்தைகளைப் போலவே பார்த்திருந்தார்கள். இரண்டாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில் அது சிறிது சிறிதாகக் குறையத் தொடங்கியிருந்தது. “மடியில் கிடந்தபோது என் முகத்தைப் பார்த்துச் சிரித்த பிள்ளைதானே” என்று கலங்கும் தாய் பொய் சொல்லவில்லை. “நீ தூக்கி வைத்துப் பேசவில்லை, டிவியைப் போட்டுவிட்டாய்” என்று அவளைக் குற்றம்சாட்டும் மாமியிடம் இந்த ஆய்வை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஏன் பார்ப்பதில்லை என்பதற்கு இரண்டு விளக்கங்கள் நெடுங்காலமாக மோதிக்கொண்டிருக்கின்றன. கண்களில் அவர்களுக்கு ஆர்வமே இல்லை என்பது ஒன்று. கண்கள் தாங்க முடியாத அளவுக்குத் தாக்குகின்றன என்பது மற்றது. நுஷின் ஹஜிக்கானியின் குழு 2017இல் வெளியிட்ட மூளைப் படமெடுப்பு ஆய்வு இரண்டாவது பக்கம் சாய்ந்தது. ஓட்டிசம் உள்ளவர்களைப் படங்களின் கண் பகுதியையே பார்க்கும்படி வைத்தபோது, மூளையின் ஆழத்தில் உணர்வுகளை உடனடியாகக் கையாளும் பகுதிகள் மற்றவர்களைவிட அதிகமாகக் கிளர்ந்தன; பயந்த முகங்களுக்கு அது மேலும் கூடியது. வளர்ந்த ஓட்டிசக்காரர்கள் பலர் சொல்வதும் இதுதான்: கண்ணைப் பார்த்தால் சொல்வது காதில் ஏறுவதில்லை, சொல்வதைக் கேட்க வேண்டுமென்றால் கண்ணைப் பார்க்க முடிவதில்லை. நாடியைப் பிடித்துத் திருப்பப்பட்ட பிள்ளைக்குக் கிடைப்பது பாடமா வேதனையா என்று யோசிக்க இது போதும்.

முகக்குறிப்பைப் படிப்பதிலும் கதை நேரானது அல்ல. ஓட்டிசம் உள்ள எல்லோரும் அதில் பின்தங்கியவர்கள் அல்லர். இலண்டனில் ஜெஃப்ரி பேர்டும் ரிச்சர்ட் குக்கும் 2013இல் முன்வைத்த வாதம் இது: தன் சொந்த உணர்வு என்னவென்றே இனங்காண முடியாத ஒரு நிலை உண்டு, ஓட்டிசம் உள்ளவர்களில் சுமார் பாதிப் பேருக்கு அது இருக்கிறது, மற்றவர்களில் சிறு பங்கினருக்கே இருக்கிறது, முகத்தைப் படிப்பதிலுள்ள சிரமம் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. அழுதுகொண்டிருக்கும் பிள்ளையிடம் “ஏன் அழுகிறாய்” என்று கேட்டால் “வயிற்றுக்குள் ஏதோ” என்று மட்டும் சொல்லும் பிள்ளைகளை ஆசிரியர்கள் அறிவார்கள். தனக்குள் நடப்பதற்கே பெயர் வைக்கத் தெரியாதவர் எதிரில் இருப்பவரின் முகத்துக்கு எப்படிப் பெயர் வைப்பார்?

சோதனைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இணையத்தில் பலர் செய்துபார்க்கும் “கண்களில் மனதைப் படித்தல்” சோதனையைச் சைமன் பரன் கோஹனின் குழு உருவாக்கியது. 2001இல் திருத்தப்பட்ட வடிவத்தில் 36 படங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு சொற்கள். படங்கள் ஆங்கிலச் சஞ்சிகைகளிலிருந்து எடுக்கப்பட்ட வெள்ளைக்காரர்களின் கண்கள். கோப்பாயில் இருந்துகொண்டு அதில் 20 எடுத்துவிட்டு இரவு முழுக்கக் கவலைப்படுவதற்கு ஒன்றும் இல்லை.

“என்ன முழுசுகிறாய்?”

கண்ணைப் பார்ப்பதற்கு எல்லா ஊரிலும் சட்டம் உண்டு. யாழ்ப்பாணத்துச் சட்டம் கொஞ்சம் சிக்கலானது, எழுதப்படாதது, ஆளுக்கு ஆள் மாறுவது. ஐயர், அதிபர், பெரியப்பா ஆகியோரிடம் பேசும்போது பார்வை அவர்களின் மார்பளவில் இருக்க வேண்டும். சம வயதினரிடம் முகத்துக்கு நேரே பேசலாம். அந்நிய ஆணைப் பெண் பார்க்கக் கூடாது, ஆனால் கடைக்காரரிடம் மிச்சக் காசு வாங்கும்போது பார்க்கலாம். தவறு செய்துவிட்டு நிற்கும் பிள்ளை தகப்பனைப் பார்த்தால் “என்ன முழுசுகிறாய்?” என்று அதட்டல் விழும், கண்ணைத் தாழ்த்தினால் இரண்டு நிமிடம் கழித்து “என் முகத்தைப் பார்த்துச் சொல்!” என்று அதே தகப்பன் கத்துவார். பெரும்பாலான பிள்ளைகள் இந்த முரண்பாட்டை யாரும் சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். சொல்லாததைப் பிடிக்க முடியாத பிள்ளை இரண்டு அதட்டலையும் வாங்கும்.

வகுப்பில் கேள்வி கேட்டவுடன் பிள்ளை மேலே பார்த்தால் “முகட்டில் விடை எழுதியிருக்கிறதா?” என்பது தலைமுறை தலைமுறையாக வரும் பகிடி. ஸ்கொட்லாந்தில் க்வினித் டொஹர்ட்டி ஸ்னெடனும் சகாக்களும் செய்த ஆய்வுகள் இந்தப் பகிடியைக் கெடுத்துவிட்டன. கடினமான கேள்விக்கு யோசிக்கும்போது பிள்ளைகள் எதிரிலுள்ள முகத்திலிருந்து பார்வையை விலக்குவது இயல்பு. ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு அப்படி விலக்கப் பழக்கியபோது விடைகள் மேம்பட்டன. முகம் என்பது தகவல் நிறைந்த பொருள். அதைப் பார்த்துக்கொண்டே கணக்கும் செய்வது எவருக்கும் சுமைதான். பேசுபவர் பேசும்போது குறைவாகவும் கேட்கும்போது கூடுதலாகவும் எதிராளியைப் பார்க்கிறார் என்று ஆதம் கென்டன் 1967இலேயே பதிவுசெய்தார். ஆகவே ஓட்டிசம், பதற்றம் எதுவுமே இல்லாதவர்களும் கண்ணை விட்டுவிட்டுத்தான் யோசிக்கிறார்கள்.

இந்தச் சட்டத்தால் மிகவும் ஏமாற்றப்படுவது பெண்பிள்ளைகள் என்று நினைக்கிறேன். கண்ணைப் பார்க்காமல், குறைவாகப் பேசி, கூட்டத்திலிருந்து ஒதுங்கி, ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் ஒரு பையனை எட்டு வயதிலாவது யாராவது வைத்தியரிடம் கூட்டிச் செல்வார்கள். அதேபோன்ற ஒரு பெண்பிள்ளை “குனிந்த தலை நிமிராத பிள்ளை” என்று பாராட்டுப் பெற்று வளர்கிறாள். ஓட்டிசம் உறுதிசெய்யப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்று ஆண்களுக்கு ஒரு பெண் என்ற கணக்கு உலக அளவில் இருக்கிறது. பெண்களில் பலர் கண்டுபிடிக்கப்படாமலே போகிறார்கள், மற்றவர்களைப் பார்த்து நடித்துச் சமாளிக்கிறார்கள் என்பதும் ஆய்வாளர்களிடையே பரவலாக ஏற்கப்பட்டது. பாராட்டு நிற்கும் நாள் ஒன்று வரும். பல்கலைக்கழகத்தில் முன்வைப்புச் செய்யும்போது, நேர்முகத் தேர்வில், தூதரகத்தில் விசாவுக்காக நிற்கும்போது, இத்தனை வருடம் பண்பாக இருந்த அதே தாழ்ந்த பார்வை “நம்பிக்கையில்லை” என்றோ “எதையோ மறைக்கிறாள்” என்றோ எழுதப்படும்.

மேலே சொன்ன 2013 கையேடு கண் தொடர்பை அந்தந்தப் பண்பாட்டின் வழக்கத்தோடு ஒப்பிட்டே பார்க்க வேண்டும் என்கிறது. டொரொன்டோவிலோ இலண்டனிலோ வகுப்பில் புதிதாகச் சேர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளையைப் பற்றி ஆசிரியர் குறிப்பெழுதும்போது அந்த வரி ஞாபகத்தில் இருந்தால் நல்லது.

பார்த்தால் ஆபத்து, பாராவிட்டாலும் ஆபத்து

யாழ்ப்பாணத்தில் கண்ணைத் தாழ்த்துவதற்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. சுற்றிவளைப்புக் காலத்தில் ஊரிலுள்ள ஆண்களைக் கோவில் வீதியிலோ பள்ளி மைதானத்திலோ வரிசையாக நிறுத்துவார்கள். முன்னால் முகமூடி போட்ட ஒருவர் இருப்பார். “தலையாட்டி” என்பது அவருக்கு ஊர் வைத்த பெயர். ஒவ்வொருவராக அவர் முன் நடக்க வேண்டும். அவர் முகம் தெரியாது, இரண்டு துளைகளுக்குள் கண்கள் மட்டும் தெரியும். அவர் தலையை ஆட்டினால் நடந்தவர் வேறு பக்கம் கொண்டுசெல்லப்படுவார். அந்தக் கண்களை உற்றுப் பார்த்தால் சந்தேகம். பார்க்காமல் நடந்தாலும் சந்தேகம். பின்னர் வந்த சோதனைச் சாவடிகளிலும் அடையாள அட்டையை நீட்டிய கை ஒரு பக்கம், பார்வை ஒரு பக்கம் என்று நிற்கப் பழகிய தலைமுறை ஒன்று இங்கே இருக்கிறது. அவர்கள் பலர் இன்று பெற்றோர், சிலர் ஆசிரியர்கள்.

போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் யாழ் மாவட்டத்தில் எடுக்கப்பட்டு, 2011இல் அமெரிக்க மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வெளியான கணக்கெடுப்பில் 32.6 வீதமானோரிடம் பதற்றத்தின் அறிகுறிகளும் 22.2 வீதமானோரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் காணப்பட்டன. மனவடு அறிகுறிகள் 7 வீதமானோரிடம். மூன்றுமே பார்வையையும் முகம் படிப்பதையும் தொடுபவை. மனச்சோர்வில் இருப்பவர் நடுநிலையான முகத்தைச் சோகமானதாகப் பார்க்கிறார். பழகும் இடங்களில் பதற்றப்படுபவர் முகங்களைத் தப்பாகப் படிப்பதைவிட மிகையாகப் படிக்கிறார். கடைக்காரர் கொட்டாவி விட்டாலும் தன்னை வெறுக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறார். அதனால் கண்ணை விலக்குகிறார். ஓட்டிசம் உள்ளவரும் இவரும் வெளியே ஒன்றுபோலத் தெரிவார்கள், உள்ளே நடப்பது ஏறக்குறைய எதிரெதிரானது.

சேத் பொலக்கின் 2002ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று இதை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. மங்கலாகத் தொடங்கிப் படிப்படியாகத் தெளிவாகும் முகப் படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். வீட்டில் அடிவாங்கி வளர்ந்த பிள்ளைகள் கோப முகத்தை மட்டும் மற்றப் பிள்ளைகளுக்கு முன்னதாகவே கண்டுகொண்டார்கள். கோபம் எங்கிருந்து வரும் என்று பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்களுக்கு அது ஒரு தற்காப்புத் திறமை. பிரம்போடு வகுப்பு நடத்துவதை நியாயப்படுத்தும் பெரியவர்கள், அந்த வகுப்பில் பிள்ளைகள் மிக நன்றாகக் கற்றுக்கொள்ளும் பாடம் எது என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

முதியவர்களைப் பற்றிச் சுருக்கமாக. வயது கூடும்போது கோபம், சோகம், பயம் ஆகியவற்றை முகத்தில் இனங்காணும் திறன் ஓரளவு குறைகிறது. கண்ணில் வெண்படலம் இருந்தால் சொல்லவே வேண்டாம். பார்க்கின்சன் நோயில் நிலைமை தலைகீழ்: நோயாளியின் முகத் தசைகள் இறுகி, உள்ளே மகிழ்ச்சி இருந்தும் வெளியே வராது. பத்து வருடம் கழித்துக் கனடாவிலிருந்து வந்த மகன் “அப்பா என்னைக் கண்டு சிரிக்கக்கூட இல்லை” என்று மனமுடைந்து போகிறார். முன்பு மென்மையாக இருந்த ஒருவர் அறுபது வயதுவாக்கில் மற்றவர்களின் கண்ணீரைக் கண்டும் அசையாதவராக மாறினால், அதைக் குணக்கேடு என்று விட்டுவிடாமல் நரம்பியல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். மறதி நோயின் ஒரு வகை மறதிக்கு முன்பே இப்படித் தொடங்குவது உண்டு. பாதிக் குடும்பம் வெளிநாட்டில் இருக்கும் ஊரில் வீடியோ அழைப்பில் ஒருவரும் ஒருவர் கண்ணையும் பார்ப்பதில்லை என்பது தனிக் கதை. கமரா ஓரிடத்தில், முகம் ஓரிடத்தில்.

இரு பக்கமும் பார்க்கத் தெரியாதபோது

இதுவரை சொன்னதெல்லாம் முகம் படிக்க முடியாதவர் பக்கத்துக் குறையாகவே கேட்கும். தானே ஓட்டிசம் உள்ளவரான பிரித்தானிய சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012இல் இதை மறுத்தார். ஓட்டிசம் உள்ளவருக்கு மற்றவர்கள் புரிவதில்லை என்கிறீர்கள், மற்றவர்களுக்கும் ஓட்டிசம் உள்ளவர் புரிவதில்லையே, குறை ஏன் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதப்படுகிறது என்று கேட்டார். எடின்பரோவில் கத்ரின் கிரொம்ப்டனின் குழு இதைச் சோதித்தது. ஒரு கதையை ஒருவர் மற்றவருக்குச் சொல்லி, அவர் அடுத்தவருக்குச் சொல்லி, எட்டுப் பேர் வரை கடத்தினார்கள். எல்லோரும் ஓட்டிசம் உள்ளவர்களாக இருந்த வரிசையிலும், எவருக்கும் ஓட்டிசம் இல்லாத வரிசையிலும் கதை ஏறக்குறைய ஒரே அளவு தப்பிப் பிழைத்தது. இரு சாராரும் கலந்த வரிசையில்தான் அதிகம் தொலைந்தது. 2020இல் வெளியான முடிவு இது.

இதை ஏற்றுக்கொண்டால் வீட்டில் செய்ய வேண்டியது மாறுகிறது. பிள்ளையை மட்டும் திருத்துவது பாதி வேலை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பதின்ம வயதுப் பையன் ஒருவன் தகப்பனின் முகத்தைப் பார்த்து அவருடைய மனநிலையைச் சொல்ல மாட்டான். ஆனால் அவர் வேலையிலிருந்து வந்து மோட்டார் சைக்கிளின் ஸ்டாண்டைப் போடும் சத்தத்தை வைத்துச் சரியாகச் சொல்வான். மெதுவாகப் போட்டால் டியூஷன் காசு கேட்கலாம். ‘டக்’ என்று உதைத்துப் போட்டால் அறைக்குள் போய்விட வேண்டும். தாய் அதைக் கவனித்துவிட்டு, தகப்பனிடம் ஒரு ஏற்பாட்டைச் சொன்னார்: உள்ளே வரும்போதே “இன்று களைப்பு, கோபம் இல்லை” என்று வாயால் சொல்ல வேண்டும். தகப்பனுக்கு முதலில் அது நாடகம்போல இருந்ததாம். பிறகு பழகிவிட்டது, மகளுக்கும் அது உதவியாக இருக்கிறது என்கிறார்கள். இதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை, ஊர் வழக்கத்தை மீறும் கூச்சம் மட்டுமே தடை. நேரே சொல்வதை முகத்தில் அடிப்பது என்று எண்ணி வளர்ந்தவர்கள் நாம்.

எதிரெதிரே உட்காருவதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது பலருக்கு எளிது. கிணற்றுக்கட்டு, சைக்கிளில் முன்னும் பின்னுமாகப் போவது, கறிக்கு வெங்காயம் உரிக்கும் நேரம்: இவை கண்ணைக் கேட்காத இடங்கள். நேர்முகத் தேர்வு போன்ற தவிர்க்க முடியாத இடங்களில் எதிராளியின் புருவ நடுவைப் பார்த்தால் போதும். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. முகப் படங்களைக் காட்டி உணர்வுகளுக்குப் பெயர் பழக்கும் கணினிப் பயிற்சிகளும் உண்டு. பழகிய படங்களில் முன்னேற்றம் தெரிகிறது, அது வீதிக்கும் வீட்டுக்கும் போய்ச் சேர்வது குறைவு. அதற்குப் பதில் பிள்ளைக்கு நெருங்கிய ஐந்தாறு பேரின் உண்மையான முகங்களையும், அவர்கள் கோபத்தில் செய்யும் குறிப்பான காரியங்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுப்பதுதான் எனக்குப் பயனுள்ளதாகத் தோன்றுகிறது. மெதுவாக ஓடும் வீடியோவில் சில பிள்ளைகள் நன்றாகப் பிடிக்கிறார்கள். முகக்குறிப்புகள் நிஜத்தில் பெரும்பாலும் சில நொடிகளுக்குமேல் நிற்பதில்லை.

சிறு பிள்ளை கண்ணைப் பார்ப்பதில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் முதலில் கேட்கும் திறனையும் பார்வையையும் சோதிப்பார்கள். செவிப்புலக் குறைபாடு ஓட்டிசம்போலத் தோன்றுவது உண்டு. இலங்கையில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளிடம் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவின் குழு செய்து 2009இல் வெளியான சிறிய ஆய்வில் 93 பேருக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசம் காணப்பட்டது. மேற்கில் பயன்படும் பெற்றோர் வினாக்கொத்து அங்கே பல பிள்ளைகளைத் தவறவிட்டது. பின்னர் அதே பேராசிரியர் படங்களைக் காட்டித் தாயிடம் கேட்கும் முறை ஒன்றை உருவாக்கினார். “பிள்ளை கண்ணைப் பார்க்கிறதா?” என்று கேட்டால் எந்தத் தாயும் ஓம் என்றுதான் சொல்வார். எப்படி, எப்போது, எவ்வளவு நேரம் என்பது படத்தைப் பார்த்தால்தான் ஞாபகம் வரும்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இயங்குகின்றன. தமிழில் பணியாற்றும் பேச்சுச் சிகிச்சையாளர்கள் குறைவு என்பதால் காத்திருப்பு இருக்கும். அந்த இடைவெளியில் வீட்டில் செய்யக்கூடியதைக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ முன்பள்ளி ஆசிரியரிடமோ கேட்டுத் தொடங்கலாம். கிளினிக்குக்குப் போகும்போது பிள்ளை வீட்டில் விளையாடுவது, சாப்பிடுவது, சகோதரங்களோடு இருப்பது ஆகியவற்றைக் கைத்தொலைபேசியில் சிறு சிறு துண்டுகளாக எடுத்துக்கொண்டு போவது நல்லது. புது அறை, புது முகம், வெள்ளைச் சட்டை, வெளியே வரிசையில் நிற்பவர்களின் சத்தம் என்று இருக்கும் பத்து நிமிடத்தில் எந்தப் பிள்ளையும் வைத்தியரின் கண்ணைப் பார்க்க விரும்பாது.